வெள்ளச்சி சாப்பிட்ட இடம்

ரெங்கசாமி வீட்டுக் கொல்லையில் காலை எட்டு மணிக்கு ஐந்து பஞ்சாரங்கள் கவிழ்ந்திருக்கும். பஞ்சாரம் என்றால் கோழியை மூடி வைக்கிற மூங்கில் கூடை. அந்த வீட்டில் கோழி வளர்க்கவில்லை. ஒவ்வொரு பஞ்சாரத்துக்குள்ளும் ஒரு பூனை இருக்கும், அதன் முன்னால் அதற்கென்று தனியாக வைத்த சாப்பாடு இருக்கும். ஐந்தும் தின்று முடிக்கும் வரை பஞ்சாரங்களுக்கு நடுவில் ஒரு பெண் குந்தியிருப்பாள். அவள் பெயர் வேம்பு. அந்த நேரத்தில் அவள் வயிற்றில் இருப்பது முதல் நாள் சோற்றின் தண்ணீர் மட்டுமே.

பூனைகள் ஐந்துக்கும் ஒரே சாப்பாடு கிடையாது. வெள்ளச்சி என்ற வெள்ளைப் பூனைக்கு எருமைப் பாலும், நெய் விட்டுப் பிசைந்த பச்சரிசிச் சோறும். பல் போன கரியனுக்குக் குழைந்த சோற்றோடு முள் எடுத்த கெண்டை மீன். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சாம்பல் பூனைக்கு மீன் தலைகள், அதுவும் இரண்டு வேளை. மிச்சம் இரண்டும் பத்தாயத்துப் பூனைகள். நெல் கொட்டி வைக்கிற மரப்பத்தாயத்தைச் சுற்றி எலி பிடிக்க வேண்டியவை. அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு கை பழைய சோறு, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது.

"வயிறு நெறஞ்சா எலி பிடிக்காது" என்பது ரெங்கசாமியின் கொள்கை. நடவாட்கள் கூலி உயர்த்திக் கேட்டபோதும் அவர் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். எலி என்ற சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார்.

பஞ்சாரம் போட்டு மூடும் வழக்கம் வேம்புவின் யோசனை. முன்பெல்லாம் கண்ணாத்தாள் ஒரே தாம்பாளத்தில் எல்லாவற்றையும் வைப்பாள். கண்ணாத்தாள் ரெங்கசாமியின் மனைவி. பிள்ளை இல்லாதவள். சாம்பல் பூனை எல்லோருடைய பங்கையும் விழுங்கிவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்ளும். கரியன் எலும்பாகிப் போனான். கொல்லை கூட்ட வந்த வேம்பு ஒரு வாரம் பார்த்தாள். பிறகு, "தனித்தனியா மூடி வச்சுப் போடுங்கம்மா, எது தின்னுது, எது தின்னலன்னு தெரியும்" என்றாள். அன்றிலிருந்து அந்த வேலை அவளுக்கே வந்தது.

ஆனால் கிண்ணத்தை அவள் தொடக் கூடாது. கண்ணாத்தாள் அடுக்களை வாசலில் நின்று, மேலேயிருந்து மண் சட்டிகளில் ஊற்றுவாள். வேம்பு அந்தச் சட்டிகளை எடுத்துப்போய்ப் பூனைகளுக்கு வைப்பாள். பூனையைத் தூக்கலாம், மடியில் போட்டு உண்ணி பார்க்கலாம். அவள் மடியிலிருந்து இறங்கிய வெள்ளச்சி நேராக அடுக்களைக்குள் போய்ப் பால் பானை மேல் ஏறி உட்காரும். யாரும் பானையைக் கழுவி ஊற்றியதில்லை. தீட்டு மனிதர் மேல் மட்டும் ஒட்டும், பூனை ரோமத்தில் ஒட்டாது என்ற இந்த விஞ்ஞானத்தை எந்த சாஸ்திரம் கண்டுபிடித்தது என்று கேட்டால், கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார்கள்.

வேம்புக்கு அந்த வெள்ளைப் பூனையின் மேல் பொறாமை இருந்தது. இதை அவளே பின்னாளில் வெட்கமில்லாமல் சொன்னாள். நெய் வாசனை பஞ்சாரத்தின் இடுக்கு வழியாக வரும். உள்ளே அந்தப் பூனை இரண்டு நக்கு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேம்புவின் மகள் பிள்ளை பெற்று, திருக்காட்டுப்பள்ளியில் மாமியார் வீட்டில் பத்தியச் சோறு தின்றுகொண்டிருந்த மாதம் அது. அந்தச் சோற்றில் நெய் இருந்ததா என்று வேம்புக்குத் தெரியாது. "இதுக்குக் கொழுப்பைப் பாரு" என்று பஞ்சாரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். மிச்சம் வைத்த சோற்றை எருக்குழியில் கொட்டச் சொல்லி உத்தரவு. கொட்டுவாள். கொட்டிவிட்டுக் கையை முகர்ந்து பார்ப்பாள்.

வேம்பு பிறந்தது அதே ஊரின் தெற்குத் தெருவில். பத்து வயதில் நாற்றுப் பறிக்கப் போனவள். கணவன் ஐயாவு ரெங்கசாமியின் பண்ணையாள். அறுவடை நெல்லைக் காவல் காக்க, களத்து மேட்டில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார் ரெங்கசாமி. ஐயாவு பனங்கையும் மூங்கிலும் சுமந்து வந்து, வேம்பு வாய்க்கால் மண்ணை மிதித்துக் குழைத்து, இருவருமாகக் கட்டினார்கள். அடுத்த வருஷமே ஐயாவுவின் காலில் மண்வெட்டி விழுந்தது. புண் முற்றி, தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்தது. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டாள். வண்டியும் மாடும் கோயில் திருவிழாவுக்குத் தென்னங்கீற்று ஏற்றப் போயிருந்தன. சாமிக்குப் பந்தல் வந்து சேர்ந்தது. ஐயாவு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகும் வேம்பு களத்து மேட்டிலேயே இருந்தாள். காவல் அவள் தலையில் விழுந்தது. கூலி விழவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த ஒற்றைக் குடிசையில் சமைத்தாள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தனியாக. ரெங்கசாமி வீட்டுக் கொல்லை வேலியில் நின்று பார்த்தால், குறுக்கே ஓடும் சின்ன வாய்க்காலுக்கு அப்பால் அவள் அடுப்புப் புகை தெரியும்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. ரெங்கசாமி தோளில் கிடந்த துண்டின் கரையும் மாறியது. தாலுகா ஆபீசில் அவருக்கு நாற்காலி போடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. நாற்பது வேலி நிலம், அதாவது இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல், அவருக்கு. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு வேலி. மீதியெல்லாம் மச்சான் பேரிலும், கோயில் பேரிலும், எப்போதோ செத்துப்போன சித்தப்பா பேரிலும் விளைந்துகொண்டிருந்தது.

அதே வருஷம் வெள்ளச்சியும் இடம் மாறியது.

அது ஒரு சாயங்காலம். வேம்பு நடவு வயலில் பிடித்த நண்டுகளை உடைத்து, உப்பில்லாமல் வேகவைத்து, நொய்யரிசிக் கஞ்சியில் போடப் போகிற நேரம். வாசற்படியில் வெள்ளைப் பூனை நின்றது. வேம்பு விரட்டினாள். போகவில்லை. "உனக்கு அங்க நெய்ச்சோறு இருக்கு, என் நண்டுதான் கேக்குதா" என்று திட்டிக்கொண்டே ஒரு நண்டுக் காலை வீசினாள். அந்தப் பூனை தின்ற வேகத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் போய்விட்டது. பஞ்சாரத்துக்குள் அது இப்படித் தின்று அவள் பார்த்ததே இல்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். பஞ்சாரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணைத் தினமும் அள்ளிப் போடுகிறவள் அவள்தானே. பால் குடித்த நாளெல்லாம் வெள்ளச்சிக்கு வயிறு கழியும். வளர்ந்த பூனைக்கு எருமைப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. மீனுக்கும் கறிக்கும் பிறந்த ஜீவனுக்குச் சோறும் நெய்யும் திகட்டியது. இதைக் கண்ணாத்தாளிடம் அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா, வெள்ளச்சிக்குப் பால் வேண்டாமுங்க. கழியுது."

"பூனைக்குப் பாலு வேண்டாமா? நீதான் சொல்லணும். உங்க தெருவுல எந்தப் பூனை பால் குடிச்சுது, ஒனக்குத் தெரியறதுக்கு?"

வேம்பு அதோடு விட்டுவிட்டாள். கேட்பவர் இல்லாத இடத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை.

வெள்ளச்சி தினமும் வந்தது. வெயில் சாயும்போது வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, களத்தைக் குறுக்கே கடந்து, குடிசைக்குள் நுழையும். தின்னும். வேம்புவின் காலடியில் சுருண்டு படுக்கும். பிறகு எழுந்து பெரிய வீட்டுக்குப் போய்விடும். அது போகும்போது வேம்புக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். தின்பதற்கு இங்கே, தூங்குவதற்கு அங்கே, இலவம்பஞ்சு மெத்தையில். "போ, போ. அவதானே ஒனக்கு ஆத்தா" என்பாள். நண்டு அதிகம் கிடைத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவாள். அது கூடுதலாகப் பத்து நிமிஷம் இருக்கட்டுமே என்றுதான்.

கண்ணாத்தாளுக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. வேலியோரம் நின்று பார்த்துவிட்டாள். மறுநாள் காலை பஞ்சாரத்துக்கு முன்னால் விசாரணை தொடங்கியது. அது அப்புறம் நாலு வருஷம் நடந்தது.

"நேத்து வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"எங்க வச்சுப் போட்ட?"

"அடுப்புக்கு மேற்கால ஒரு கொட்டாங்கச்சியத் தரையில பொதைச்சு வச்சிருக்கேங்க. இல்லன்னா கவுத்து விட்டுடுது."

"பொதைச்சே வச்சிட்டியா. அப்ப நெரந்தரமுன்னு சொல்லு." கண்ணாத்தாள் கரண்டியைச் சட்டியில் இடித்தாள். "தின்னுட்டு ஒடனே கெளம்பிடுதா?"

"செத்த நேரம் படுத்துக்குதுங்க."

"எங்க?"

"என் காலுகிட்ட."

கண்ணாத்தாள் உள்ளே போனாள். அன்று வெள்ளச்சியின் சோற்றில் நெய் மிதந்தது. பூனையோ பஞ்சாரத்தின் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாற்பது வேலிக்காரன் பெண்டாட்டி, கூலிக்காரியின் கொட்டாங்கச்சியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். அந்தப் பூனை கண்ணாத்தாள் கையால் பிசைந்த சோற்றைத் தின்று, அவள் மடியில் வளர்ந்தது. அது ஏன் அங்கே போகிறது என்று யோசித்து யோசித்து, ஒரே ஒரு காரணத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணத்தையும் கண்டுபிடித்தாள். கடைசியில் வேம்பு இடுமருந்து வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தாள்.

ஆளை மயக்கச் சோற்றில் மருந்து கலந்து கொடுப்பது என்று ஒரு நம்பிக்கை இந்தப் பக்கத்தில் உண்டு. வயிற்றில் தங்கிவிட்ட அந்த மருந்தை ஊதி எடுக்கிறேன் என்று சம்பாதிக்கிறவர்களும் உண்டு. புருஷன் இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் அவனைக் கூட்டிப்போய் மருந்து எடுப்பார்கள். கண்ணாத்தாள் பூனைக்கு மருந்து எடுக்க ஆள் வரவழைத்தாள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாடிக்காரர் மஞ்சள் துணியோடு வந்தார். பூனையை இருவர் பிடித்துக்கொள்ள, அதன் வயிற்றில் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினார். வாயிலிருந்து கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினார். வரும்போதே கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்த உருண்டை. அதை நீட்டிய கையிலேயே வெள்ளச்சி நாலு கீறல் கீறிவிட்டு, வேலியைத் தாண்டி ஓடியது. நேராகக் களத்து மேட்டுக் குடிசைக்கு.

"மருந்து ரொம்பப் பழசு தாயே, இன்னும் ரெண்டு தடவை எடுக்கணும்" என்றார் தாடிக்காரர், கையைத் துடைத்தபடி.

வேம்புவைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள். தன் கொல்லையில் தினமும் குந்தியிருக்கிறவளுக்கு அறிவு இருக்கும் என்பதைவிட, சூனியம் இருக்கும் என்பதை நம்புவது அந்த வீட்டுக்குச் சுலபமாக இருந்தது.

எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயக் கூலிகளுக்கு, சட்டம் வந்த நாளில் எங்கே குடியிருந்தார்களோ அந்த மனையே சொந்தம். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன் வீரையன், தெற்குத் தெருவில் எல்லோருக்கும் மனு எழுதினான். வேம்புக்கும் எழுதினான்.

"அத்தே, ஒன் குடிசைதான் அவரு களத்துக்கு நடுவுல முள்ளு மாதிரி நிக்குது. சும்மா விட மாட்டாரு. ஆனா நீ அசையாத."

"நான் எங்கடா அசையப் போறேன். அசைஞ்சா எங்க போறது?"

ரெங்கசாமி விடவில்லை. வெண்மணியில் குடிசையோடு மனிதர்களைக் கொளுத்தி மூன்று வருஷம்கூட முடியவில்லை. அந்த வட்டாரத்தில் குடிசைக்குள் படுக்கிற எவருக்கும் கூரை மேல் ஒரு சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும். விசாரணைக்கு நாலு நாள் முன்பு, பகல் வெளிச்சத்திலேயே ரெங்கசாமியின் ஆட்கள் வந்தார்கள். வேம்பு நடவில் இருந்தாள். கூரையைப் பிரித்து, சுவரை இடித்து மண்ணைப் பரப்பி, நாலு முளை அடித்து நாலு காளைகளைக் கட்டினார்கள். மேலே புதுக்கீற்று வேய்ந்தார்கள். அவள் வந்து பார்த்தபோது அது மாட்டுக் கொட்டகையாக இருந்தது. அவளுடைய சட்டி, முறம், இரண்டு புடவை எல்லாம் வாய்க்கால் கரையில் கிடந்தன. கொல்லை வேலைக்கும் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். தெற்குத் தெருவில் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள்.

விசாரணைக்கு வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த வருவாய் ஆய்வாளர் அப்துல் அஜீஸ். ஒல்லியான மனிதர். சைக்கிளில் வந்தார். ரெங்கசாமி வீட்டு நாற்காலியில் உட்காரவில்லை. களத்தில் நின்றபடியே கேட்டார். ரெங்கசாமியின் பக்கம் ஊர்க் கணக்குப்பிள்ளை பஞ்சநதம் நின்றார், கையில் கணக்கு நோட்டோடு.

"களம், மாட்டுக் கொட்டகை. அப்படித்தான் பதிவு" என்றார் பஞ்சநதம்.

"ஆதிகாலத்துலேர்ந்து கொட்டகைதான் சார்" என்றார் ரெங்கசாமி. "அந்தப் பொம்பளை எங்க கொல்லை கூட்டுறவ. குடியிருக்கிறது தெற்குத் தெருவுல, அண்ணன் வீட்ல."

அப்துல் அஜீஸ் வேம்புவைப் பார்த்தார். "ரேஷன் கார்டு இருக்காம்மா?"

"அண்ணன் கார்டுல சேத்து எழுதியிருக்காங்கய்யா."

"நீ இங்க இருந்தா, அங்க ஏன் எழுதினாங்க?"

"எழுதினவங்களத்தான் கேக்கணுங்க."

பஞ்சநதம் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்.

வீரையன் பதினொரு சாட்சிகளைக் கூட்டி வந்திருந்தான். பதினொரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்துல் அஜீஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள்லாம் சங்கத்துல இருக்கீங்களா?" என்றார். பதினொரு பேரும் ஆமாம் என்றார்கள். ரெங்கசாமி சிரித்தார்.

"தம்பி, எனக்கு உங்க பேச்சுல சந்தேகம் இல்ல" என்றார் அதிகாரி வீரையனிடம். "மேல அப்பீல் போனா இது நிக்காது. ஒரு காகிதம் குடுங்க. இல்லன்னா சங்கத்துக்கு வெளியில ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு சொல்லட்டும்."

வெளியில் ஆள் யார்? பெரிய வீட்டு வேலையை நம்பியிருப்பவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். வேம்பு காளைகளின் காலடியைப் பார்த்தாள். சாணியிலும் மூத்திரத்திலும் நனைந்த அந்த மண்ணுக்குக் கீழே அவள் பூசி மெழுகிய தரை இருந்தது. பன்னிரண்டு வருஷம் என்று அவள் சொன்னால் அது வெறும் வாய்ச் சொல். இன்று இந்த மனிதர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டால், அவளுக்கு இந்த உலகத்தில் கால் வைக்கச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது.

அப்போது வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வெள்ளச்சி வந்தது.

நாலு நாளாகப் பஞ்சாரம் போட ஆளில்லை. சாம்பல் பூனை எல்லோருடைய பங்கையும் பழையபடி விழுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளச்சி இளைத்துப் போயிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றது. பிறகு காளைகளின் கால்களுக்கு நடுவில் புகுந்து, கொட்டகையின் மேற்கு மூலையில் சாணியை முகர்ந்து, முன்னங்காலால் பறிக்கத் தொடங்கியது.

அதன் பின்னாலேயே கண்ணாத்தாள் வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் வறுத்த கெண்டை. அவள் களத்துப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. நாலு நாளாக அந்தக் கிண்ணத்தோடு வீடெல்லாம் அலைந்தவள், இன்று வேலியையும் தாண்டிவிட்டாள்.

"வெள்ளச்சி, வாம்மா. மீனு பாரு, மீனு."

வெள்ளச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தது. கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. கண்ணாத்தாளைக் கடந்து, அதிகாரியைக் கடந்து போய், வேம்புவின் கணுக்காலில் முதுகை உரசியது.

கண்ணாத்தாள் வேம்புவை நோக்கித் திரும்பினாள். கிண்ணத்திலிருந்து ஒரு மீன் துண்டு மண்ணில் விழுந்தது.

"என்னடி குடுத்த இதுக்கு?" என்றாள். "நாலு வருஷமா கேக்குறேன். என்னதான்டி குடுத்த?"

"கண்ணாத்தா" என்றார் ரெங்கசாமி. "வீட்டுக்குப் போ. ஆபீசரு இருக்காரு."

"இருக்கட்டும். அவரும்தான் கேக்கட்டும். பாலும் நெய்யுமா நான் போட்டு வளத்தேன் சார். வெயிலு சாஞ்சா போதும், இவ குடிசைக்கு ஓடிடும். ஒரு நாளு தப்பாது. நாலு வருஷம்."

அப்துல் அஜீஸ் பேனாவை மூடப் போனவர், மூடவில்லை. "எந்தக் குடிசைக்கும்மா?"

"இந்தக் குடிசைதான்." கண்ணாத்தாள் காளைகளைக் கையால் காட்டினாள். "வேற எது? அடுப்புக்கு மேற்கால கொட்டாங்கச்சி பொதைச்சு வச்சிருக்கா. நெரந்தரமா. எம் பூனைக்கு, என்னைக் கேக்காம."

"கண்ணாத்தா." ரெங்கசாமியின் குரல் தடித்தது. "அவளுக்கு ஒடம்பு சரியில்ல சார். பிள்ளையில்லாத ஏக்கம்."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் திரும்பிப் போயிருப்பாள். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியை நோக்கி இரண்டடி முன்னால் வந்தாள்.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க எழுதிக்குங்க. கெழக்கப் பாத்த வாசலு. உள்ள நுழைஞ்சா எடது கையில அடுப்பு. தினம் சாயங்காலம் நான் வேலியில நின்னு பொகையப் பாப்பேன். இவ பொகைய மூட்டினா எம் பூனை எந்திரிச்சிடும். ஐயாவு செத்த வருஷத்துலேர்ந்து அந்தப் பொகைய நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பஞ்சநதம் நோட்டை அக்குளில் செருகிக்கொண்டார். அப்துல் அஜீஸ், "அந்த மாட்டைக் கொஞ்சம் அவுத்துக் கட்டுங்க" என்றார். வீரையன் அவிழ்த்தான். வெள்ளச்சி பறித்த இடத்தில் ஒரு குச்சியால் சாணியையும் மண்ணையும் தள்ளினார்கள். ஒரு சாண் ஆழத்தில் கொட்டாங்கச்சியின் விளிம்பு தெரிந்தது. உள்ளே நண்டு ஓடுகள். அதற்குக் கிழக்கே கரி படிந்த மூன்று அடுப்புக் கற்கள். இடித்தவர்கள் சுவரைத்தான் இடித்திருந்தார்கள். குனிந்து தரையைத் தோண்டும் அளவுக்கு அவர்கள் அதை ஒரு வீடாக மதிக்கவில்லை.

அதிகாரி எழுதி முடித்தார். "படிச்சுக் காட்டுறேம்மா. மாத்தணும்னா சொல்லுங்க" என்று கண்ணாத்தாளுக்குப் படித்தார். "மேற்படி வேம்பு என்பவர் மேற்படி குடிசையில் பல வருடங்களாகத் தினமும் சமைத்து வசித்து வந்ததும், என்னுடைய பூனைக்கு அங்கே தினமும் மீன் கொடுத்து வந்ததும் எனக்கு நேரில் தெரியும்."

"ஒண்ணு மாத்தணும்" என்றாள் கண்ணாத்தாள்.

ரெங்கசாமி நிமிர்ந்தார்.

"மீனுன்னு எழுதாதீங்க. அவ போட்டது நண்டு. மீனு என் வீட்லதான் போடுவோம்."

அப்துல் அஜீஸ் மீன் என்பதை அடித்து, நண்டு என்று எழுதினார். கண்ணாத்தாள் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லி இதுவரை யாரும் எதையும் நீட்டியதில்லை.

ரெங்கசாமி அப்பீல் போனார். அந்த அப்பீல் நிற்கவில்லை. தன் மனைவி பொய் சொன்னாள் என்று ரெங்கசாமியால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. கௌரவம் தடுத்தது. தை மாதம் வேம்புவின் பெயருக்குப் பட்டா வந்தது. தெற்குத் தெரு ஆட்கள் கூடி, அதே இடத்தில், அதே மூன்று கற்களை வைத்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். வேம்பு கொட்டாங்கச்சியைக் கழுவித் திரும்பவும் புதைத்தாள்.

மாசியில் ஒரு சாயங்காலம் கண்ணாத்தாள் வந்தாள். புதிதாகக் கட்டியிருந்த முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வெள்ளச்சி உள்ளே கொட்டாங்கச்சியை நக்கிக்கொண்டிருந்தது.

"வேம்பு."

"சொல்லுங்கம்மா." வேம்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. எழக் கூடாது என்று திட்டம் போட்டு உட்காரவில்லை. நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, கை வேலையாக இருந்தது. ஆனாலும் இதுவரை அந்தக் குரலுக்கு அவள் உட்கார்ந்தபடி பதில் சொன்னதில்லை.

"ஒண்ணும் மறைக்காம சொல்லு. நீ என்னதான் போடுற?"

"உள்ள வந்து பாருங்களேன்."

கண்ணாத்தாள் உள்ளே வரவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்தால் எது ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பூனைக்குத் தெரிந்த வழி நாற்பது வேலிக்காரிக்குத் தெரியவில்லை.

வேம்பு யோசித்தாள். சொன்னால் நாளையிலிருந்து அது இங்கே வராது. இதை அவள் நன்றாக உணர்ந்தாள். நாலு வருஷமாக அந்தப் பெரிய வீட்டை ஜெயித்து வைத்திருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். வெள்ளச்சியின் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். வயிறு இன்னும் கழிந்துகொண்டிருந்தது.

"பால நிறுத்துங்க" என்றாள். "நெய்யையும். வயல் நண்டு ரெண்டு, ஓட்டை ஒடைச்சு வேகவச்சு, அந்தத் தண்ணியோட போடுங்க. நண்டு இல்லாத நாளு நத்தை, இல்லன்னா குரவை மீன் குஞ்சு. ஒரு கை நொய்யிக்கு மேல சோறு வேண்டாம். உப்பு ஒரு கல்லு கூடப் போடாதீங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மருந்து எதுவும்..."

"நண்டுதாம்மா மருந்து."

கண்ணாத்தாள் கிளம்பினாள். கிளம்பும்போது, பத்தாயத்துப் பூனைகளுக்கும் இதையே போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றாள் வேம்பு.

மறுநாள் வெள்ளச்சி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எட்டு நாள் கழித்து வீரையன் வந்தபோது, வேம்பு வீட்டு வாசலில் உட்கார்ந்து களத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் நண்டுத் தண்ணீர் ஆறிக் கிடந்தது.

"என்ன அத்தே, பட்டா வந்து வீடும் கட்டியாச்சு. எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க."

"அந்த வீட்ல கொல்லை கூட்ட இப்பப் போறவ சொன்னா" என்றாள் வேம்பு. "கண்ணாத்தா தன் கையாலயே நண்டு ஒடைக்கிறாளாம்."

"ஒடைக்கட்டுமே. ஒனக்கென்ன?"

வேம்பு சட்டியை எடுத்து, தண்ணீரைப் புதிதாக நட்ட தென்னம்பிள்ளைக்கு ஊற்றினாள்.

"அவ மூணு போடுறாளாண்டா. நான் ரெண்டுதான் போட்டுக்கிட்டிருந்தேன்."